அண்ணாச்சி கத்துகிற இடம்

அண்ணாச்சி பாராட்ட ஆரம்பித்தால் ரெண்டடி தள்ளி நிற்க வேண்டும். கையில் டீ இருந்தால் கீழே வைத்துவிட வேண்டும். துபாயில் எங்கள் கராமா ரூமுக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு நான் சொல்லிக்கொடுத்த முதல் பாடம் இது. எனக்கு யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. வந்த முதல் வெள்ளிக்கிழமையே ஒரு கண்ணாடி டம்ளரையும் ஒரு வெள்ளை வேட்டியையும் இழந்தேன்.

அன்று கட்டிலில் உட்கார்ந்து டீயை ஊதிக்கொண்டிருந்தேன். எதிர்க் கட்டிலில் லுங்கியும் முண்டா பனியனுமாக ஓர் ஆள் கண்ணை மூடிக்கொண்டு டேப் ரெக்கார்டரில் காதை வைத்திருந்தார். உள்ளேயிருந்து அப்பளம் பொரிகிற மாதிரி ஒரு சத்தம். அந்தப் பொரியலுக்கு அப்பால் யாரோ கிடார் வாசித்துக்கொண்டிருந்தார்கள். திடீரென்று இவர் கட்டிலோடு ஒரு துள்ளு துள்ளி, "அடி சக்கைன்னானாம்!" என்று கத்தினார். டீ என் மடியில். அவர் கண்ணைத் திறந்து என்னைப் பார்த்து, "பாத்தீராவே? அந்த இடத்துல உமக்கும் தூக்கிப் போட்டுட்டுல்லா!" என்றார் பரம சந்தோஷமாக. எனக்குத் தூக்கிப்போட்டதற்குக் கிடார் காரணமில்லை என்று சொல்ல நினைத்தேன். வெந்த தொடை பேசவிடவில்லை.

அவர் திருநெல்வேலிப் பக்கம். எங்கள் கம்பெனியில் ஸ்டோர் கீப்பர். எல்லாருக்குமே அண்ணாச்சிதான், மலையாளி சூப்பர்வைசருக்கும் அண்ணாச்சி, பாகிஸ்தானி டிரைவருக்கும் அண்ணாச்சி. நான் கும்பகோணத்துக்காரன், டிராயிங் போடுகிற வேலை. மூன்றாவது கட்டிலில் ஒரு யாழ்ப்பாணத்து நண்பர், அக்கவுண்ட்ஸ் பிரிவு. கும்பகோணத்தில் பிறந்தவன் பேசுவதற்கு முன்பே தலையாட்டக் கற்றுக்கொள்வான் என்று சொல்வார்கள். அதனால் சங்கீதம் என்றால் எனக்கும் ஏதோ தெரியும் என்று ஒரு நினைப்பு இருந்தது. ஸ்பெயின் தேசத்துக் கிடாரை ஒரு திருநெல்வேலிக்காரர் வாயைப் பிளந்து கேட்டுக்கொண்டிருந்ததை முதலில் நான் ஒரு வியாதி என்றே நினைத்தேன்.

அந்த சங்கீதத்துக்கு ஃபிளமெங்கோ என்று பெயர். அண்ணாச்சியிடம் இருந்தவை அதிலும் ரொம்பப் பழசு. கிராமபோன் தட்டுக் காலத்தில் பதிவானதை யாரோ பிற்பாடு கேசட்டில் ஏற்றியிருந்தார்கள். தட்டின் ஒரு பக்கத்துக்கு மூன்று நிமிஷம்தான் இடம். வாசிக்கிறவர் அதற்குள் சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்டு எழுந்துபோக வேண்டும். "மூணே நிமிசத்துல ஒருத்தன் சண்டையும் போட்டு சமாதானமும் ஆயிருதாம்வே. நம்மாளுவளுக்கு தொண்டையைச் செருமவே அது பத்தாது," என்பார் அண்ணாச்சி என் ஊரைப் பார்த்து.

கேசட்டுகள் வந்த கதையை அவர் வாரம் ஒரு விதமாகச் சொல்வார். மாறாத பகுதி இவ்வளவுதான்: துபாய்க்கு வருவதற்கு முன் அவர் சவூதியில், அல் கோபாரில், ஒரு தண்ணீர் சுத்திகரிக்கிற பிளாண்டில் வேலை பார்த்தார். அங்கே ஒரு ஸ்பெயின்காரர் இன்ஜினியர். ஒருநாள் சைட்டுக்கு ஜீப்பில் போகும்போது அவர் இந்தக் கேசட்டைப் போட்டிருக்கிறார். பின்சீட்டில் வால்வுப் பெட்டியைக் கட்டிப்பிடித்துக்கொண்டிருந்த அண்ணாச்சிக்கு அந்த பாஷையும் தெரியாது, அந்த வாத்தியமும் தெரியாது. ஆனால் ஓரிடத்தில் தன்னை அறியாமல் "அடி சக்கை" என்று கத்திவிட்டார். அதே நொடியில் கேசட்டுக்குள்ளும் ஒருவன் "ஓலே" என்று கத்தினான். இன்ஜினியர் பிரேக்கை மிதித்துவிட்டார். இதற்கு அப்புறம் ஒரு வாரம் ஜீப் மணலில் புதைந்தது. மறு வாரம் குறுக்கே ஒட்டகம் வந்தது. ரம்ஜான் மாதத்தில் சொன்னபோது போலீஸே வந்துவிட்டது. எப்படியோ, அந்த இன்ஜினியர் ஊருக்கே திரும்பிப் போகிற அன்று கேசட்டுப் பெட்டியை இவர் கையில் கொடுத்துவிட்டுப் போனார்.

ஃபிளமெங்கோவில் இப்படி ஒரு வழக்கம் இருக்கிறது. வாசிக்கிறவரைச் சுற்றி நாலு பேர் உட்கார்ந்து கை தட்டுவார்கள், சரியான இடத்தில் கத்துவார்கள். கண்ட இடத்தில் கத்தக்கூடாது. கத்துவதே அங்கே ஒரு வித்தை. பழைய தட்டுகளில் அந்தச் சத்தமும் சேர்ந்தே பதிவாகியிருக்கும். நாற்காலி கிறீச்சிடுவது, யாரோ இருமுவது எல்லாமும் கூட. அண்ணாச்சி அந்தக் கத்துகிற ஆளைத்தான் தன் குருவாக வரித்துக்கொண்டார். "வாசிக்கவனை விடும். பக்கத்துல உக்காந்து கத்துதாம் பாரும், அவனைக் கேளும். அவன் கத்தலேன்னா இவன் இந்த எறக்கம் எறங்குவானாவே?"

கேசட்டு அட்டையில் எழுதியிருந்த பெயர்களை அவரால் வாசிக்க முடியவில்லை. அதற்கென்ன, அவரே பெயர் வைத்துவிட்டார். நடுவில் மூக்கை உறிஞ்சுகிறவர் சளிக்காரர். கடைசி நாலு வரியைத் தலைதெறிக்க வாசிக்கிறவர் பஸ்ஸுக்குப் போறவர். எல்லாருக்கும் மேலே ஒருவர் இருந்தார், பெருவிரல்காரர். அவர் மற்ற விரல்களை எப்போதாவதுதான் தொடுவார். கீழ்த் தந்தியில் பெருவிரலால் ஒன்றே ஒன்று வைப்பார், அது முழுக்க அடங்கும்வரை காத்திருப்பார், பிறகு இன்னொன்று. நடுவே கிடாரின் பலகையை நகத்தால் ஒரு தட்டு. அவசரக்காரர்கள் அவரைக் கேட்க முடியாது. எனக்கே ஆறு மாதம் பிடித்தது.

தாளம் பன்னிரண்டு. இதில் என்ன இருக்கிறது என்று நான் தொடையில் போட்டுப் பார்த்தேன்; நாலாவது சுற்றில் எனக்குத் தாளம் தொடங்குகிற சமம் எங்கே என்றே தெரியவில்லை. அண்ணாச்சி கேஸ் சிலிண்டரை இழுத்து வைத்து விரல் முட்டியால் தட்டிக் காட்டினார். "மூணு, மூணு. பொறவு ரெண்டு, ரெண்டு, ரெண்டு. அவ்வளவுதாம்வே. இதுக்குப்போயி கும்மோணம் முழிக்கி." கும்பகோணம் முழித்தது உண்மைதான்.

பாட்டோடு சேர்ந்த தட்டுகளும் சில இருந்தன. அதில் கிடார்க்காரர் பாடுகிறவர் காலடியில் பூனை மாதிரி இருப்பார். பாடுகிறவர் மூச்சு வாங்கும்போது மட்டும் எழுந்து ரெண்டு வார்த்தை சொல்லிவிட்டு மறுபடி படுத்துக்கொள்வார். இதை விளக்கும்போது அண்ணாச்சியின் குரலே தழுதழுத்துவிடும். "அடுத்தவன் பேசுத நேரத்துல குறுக்க விழாம இருக்காம் பாத்தீராவே? இதுதான் மரியாதை. இதுதான் வித்தை." இந்த விளக்கத்தை அவர் பாட்டு ஓடிக்கொண்டிருக்கும்போதே, பாட்டைவிட உரக்கச் சொல்லுவார். யாழ்ப்பாணத்து நண்பர் மௌனமாக எழுந்து போய்க் காதுக்குப் பஞ்சு எடுத்து வருவார்.

வெள்ளிக்கிழமையோடு இது நின்றிருந்தால் நல்லது. நிற்கவில்லை. கராமாவில் எது நன்றாக நடந்தாலும் அண்ணாச்சி அதற்கு ஒரு சத்தம் போட்டாக வேண்டும். அதில் மூன்று படிகள் இருந்தன. சாதாரணமாக நன்றாக இருந்தால் மூக்கால் ஒரு "ம்ம்." பிரமாதம் என்றால் "அடி சக்கை." மனசு தாங்காமல் போனால், "சவத்த மூதி!" அவர் ஊரில் அது வசவு; ஆனாலும் இந்தக் கடைசிப் பட்டத்தைப் பெருவிரல்காரருக்கு மட்டும் என்று ஒதுக்கியிருந்தார். ஒரே ஒரு முறை எங்கள் தெருமுனை ஹோட்டலில் பரோட்டா மாஸ்டர் மாவை வீசி விரித்த லாகவத்தைப் பார்த்து அதை எடுத்து வீசிவிட்டார். விருதுநகர்க்காரரான மாஸ்டருக்குப் பெருமை தாங்கவில்லை. அடுத்த வீச்சை இன்னும் உயரமாக வீசினார். பரோட்டா மின்விசிறியில் பட்டு, மூன்று துண்டாகி, மூன்று மேஜைகளுக்குப் போய்ச் சேர்ந்தது.

முடிவெட்டும் கடையில் ஒரு பாகிஸ்தானிக் கிழவர். அவர் முடியை வெட்டுவதற்கு இடையிடையே கத்தரியை வெறுங்காற்றில் நாலு தடவை சொடுக்குவார். அந்தச் சொடுக்கில் அண்ணாச்சி தன் பன்னிரண்டைக் கண்டுபிடித்துவிட்டார். கிழவர் சவரக் கத்தியைக் கழுத்தில் வைத்திருந்த சமயத்தில் சக்கை வந்துவிட்டது. காதுக்குக் கீழே ஒரு கோடு. கிழவர் பதறிப்போய், "பாய், உஸ்தரா ஹாத் மே ஹை, கவாலி பாத் மே!" என்று கத்தினார். கையில் கத்தி இருக்கிறது, கச்சேரி அப்புறம் என்று அர்த்தம். அண்ணாச்சி ரத்தத்தைத் துடைத்துக்கொண்டே அதற்கும் ஒரு "ம்ம்" போட்டார்.

ஆனால் மரியாதைக்காக ஒரு சத்தம் போட மாட்டார். ஒரு பொங்கல் அன்று யாழ்ப்பாணத்து நண்பர் எங்கள் முன்னால் ஒரு பாட்டுப் பாடினார். முடித்துவிட்டு அண்ணாச்சியைப் பார்த்தார். அண்ணாச்சி பாயசத்தில் முந்திரி தேடிக்கொண்டிருந்தார்.

"அண்ணை, ஒரு 'ம்ம்' எண்டாவது சொல்லியிருக்கலாமே," என்றார் நண்பர் வருத்தமாக.

"பொய்யா ஒண்ணு போட்டா, பொறவு மெய்யா வாரதும் நின்னு போவும்வே," என்றார் அண்ணாச்சி. நண்பர் ரெண்டு நாள் அவரோடு பேசவில்லை. எனக்கு அன்றுதான் அவர்மேல் ஒரு மதிப்பு வந்தது.

அந்த வருஷம் அண்ணாச்சிக்கு கிரேடு உயர்ந்தது. ஃபேமிலி விசா எடுக்கலாம் என்றானது. அவருக்குக் கல்யாணமாகி இருபது வருஷம். சேர்ந்து இருந்த நாட்களை, லீவுகளையெல்லாம் கூட்டினாலும், ரெண்டு வருஷம் தேறாது. அண்ணி ஊரில் ஆரம்பப் பள்ளிக்கூடத்து டீச்சர், ஒன்றாம் வகுப்பு. மகள் ஹாஸ்டலில் தங்கிப் படித்துக்கொண்டிருந்தாள். பள்ளிக்கூடத்தில் நீண்ட லீவு கேட்டால் கிடைக்கும்தான். ஆனால் அண்ணி பிடி கொடுக்கவில்லை. "பரீட்சை லீவுல வந்து பாக்கேன். பிடிச்சா இருக்கேன். இல்லேன்னா பள்ளிக்கூடம் தொறக்க முன்ன திரும்பிருவேன்," என்று சொல்லிவிட்டார். விசிட் விசா, திரும்பிப் போகிற டிக்கெட்டோடு.

அண்ணாச்சி எங்கள் கட்டிடத்திலேயே மேல்மாடியில், ஒரு மலையாளிக் குடும்பத்தின் ஃபிளாட்டில், ஒரு அறையை வாடகைக்கு எடுத்தார். குக்கர் வாங்கினார். மனம் மாறி இன்னும் பெரிய குக்கர் வாங்கினார். ஜன்னல் திரைக்கு என்ன நிறம் என்று ஸ்டோரில் வருகிறவன் போகிறவனிடமெல்லாம் கேட்டார். "அவ இருந்துட்டா போதும்வே," என்றார் என்னிடம் ஒருநாள். "இந்த ஏசி போடுத சத்தத்துக்கு உம் கொட்டிக்கிட்டே எத்தனை வருசம் கெடக்கது?" அப்போது அவர் முகத்தில் விளையாட்டு இல்லை. எனக்குக் கஷ்டமாக இருந்தது.

அண்ணி வந்தார். ஒல்லியான உருவம், அழுத்தமான கண், ஒரு தடவைக்கு மேல் எதையும் சொல்லாத சுபாவம். வெள்ளிக்கிழமை எங்களுக்கெல்லாம் மேல்மாடியில்தான் சாப்பாடு. தேங்காய்ப்பாலில் சொதியும் இஞ்சித் துவையலும் வைத்திருந்தார். யாழ்ப்பாணத்து நண்பருக்கே கண் கலங்கிவிட்டது. அண்ணாச்சி மட்டும் குனிந்த தலை நிமிராமல் நாலு தடவை வாங்கிச் சாப்பிட்டார். ஒரு "ம்ம்" கூட இல்லை. படியிறங்கும்போது நான் பிடித்துக்கொண்டேன்.

"என்ன அண்ணாச்சி, பரோட்டாவுக்கு மூதி பட்டம், சொதிக்கு ஒண்ணுமில்லையா?"

"கூறுகெட்ட ஆளா இருக்கீரேவே. பெஞ்சாதியைப் பாத்து எவனாவது அடி சக்கைம்பானா? வெக்கமால்லா இருக்கு," என்றார். உண்மையாகவே அவர் காது சிவந்திருந்தது.

அண்ணியை ஊர் சுற்றிக் காட்டக் கூட்டிப்போனபோது நானும் உடன் போனேன். ஜூஸ் கடைக்காரன் மாம்பழத்தை ஒரே இழுப்பில் தோல் உரித்ததற்கு ஒரு சக்கை. பஸ் டிரைவர் இடுக்கில் ரிவர்ஸ் எடுத்ததற்கு ஒரு சக்கை. அண்ணி எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டே வந்தார். வீட்டுக்குத் திரும்பும்போது என்னிடம் மெதுவாக, "தம்பி, உங்க அண்ணாச்சி ஊருக்கெல்லாம் சக்கையை அறுத்துக் குடுக்காரு. எனக்கு ஒரு சுளை இல்ல பாத்தியளா?" என்றார். அந்தப் பக்கத்தில் சக்கை என்றால் பலாப்பழம். சிரித்துக்கொண்டுதான் சொன்னார். அந்தச் சிரிப்பைப் பார்த்ததும் பெரிய குக்கர் வீண்தான் என்று எனக்குத் தோன்றிவிட்டது.

விசா முடிய ஒரு வாரம் இருந்தபோது எனக்குக் காய்ச்சல். ரூமில் தனியாகப் படுத்திருந்தேன். அண்ணாச்சியும் யாழ்ப்பாணத்து நண்பரும் டியூட்டிக்குப் போயிருந்தார்கள். அண்ணி கஞ்சி கொண்டுவந்தார். கதவை அகலத் திறந்து வைத்துவிட்டு, டேப் ரெக்கார்டரைப் பார்த்து, "இவதானா எஞ் சக்களத்தி? ஒருக்கா பேசச் சொல்லுங்க, கேப்போம்," என்றார். பெருவிரல்காரரைப் போட்டேன்.

அண்ணி நாற்காலி நுனியில் கைகட்டி உட்கார்ந்து கேட்டார். ஓரிடத்தில் விரல்கள் சுண்டுவிரலிலிருந்து ஒவ்வொன்றாக விரிந்து தந்திகளை உதறியபோது, "கையில ஒட்டுன மாவை உதறுத மாதிரில்லா இருக்கு," என்றார். அண்ணாச்சி அன்று ஜீப்பில் கத்திய அந்தப் புகழ்பெற்ற இடம் வந்தது. கேசட்டுக்குள் இருக்கிற ஆள் "ஓலே" என்று கத்தினான். அண்ணாச்சி இல்லாததால் எங்கள் ரூம் சும்மா இருந்தது. அப்போது அந்தக் கத்தலின் வாலில், பொரிகிற சத்தத்துக்கு அடியில், ஒரு பெண்குரல். தாழ்ந்த குரலில் ஒரே ஒரு சொல், பிறகு ஒரு சின்னச் சிரிப்பு. யாருக்கும் கேட்க வேண்டும் என்று சொன்னது போல் இல்லை. அதற்கு அப்புறம்தான் பெருவிரல் மெதுவாகக் கீழே இறங்கியது.

நான் எழுந்து உட்கார்ந்துவிட்டேன். ரெண்டு வருஷமாக வெள்ளிக்கிழமை தவறாமல் கேட்கிறேன். இப்படி ஒரு குரல் அதில் இருப்பதே எனக்குத் தெரியாது. கேட்கிற நேரமெல்லாம் அந்த இடத்தில் அண்ணாச்சி அல்லவா கத்திக்கொண்டிருந்தார்!

"ஒரு பொம்பளை பேசுதாள்லா," என்றார் அண்ணி.

"அண்ணாச்சிக்கு இது தெரியாது அண்ணி."

"எப்படித் தெரியும்?" அண்ணி கஞ்சிக் கிண்ணத்தை என் பக்கம் நகர்த்தினார். "வாரம் ஒரு போனு. நான் ஹலோங்கதுக்கு முன்னாலயே அங்க கதை ஆரம்பிச்சிரும். ஜீப்பு, ஒட்டகம், பரோட்டா. எனக்கும் சிரிப்பாணியாத்தான் இருக்கும். கடைசியில 'வேற என்ன'ம்பாரு. நான் வாயைத் தொறப்பேன், கார்டு தீந்துரும். இருவது வருசமா நான் ஒண்ணைச் சொல்லி முடிச்சதில்ல தம்பி. நானும் சண்டை போட்டதில்ல. நல்ல மனுசன், என்னன்னு சண்டை போட?" கொஞ்ச நேரம் கேசட்டு சுற்றுவதைப் பார்த்துக்கொண்டிருந்தார். "ஊருல எனக்கு நாப்பது புள்ளைய இருக்கு. நான் பேசுனா கேக்கும்." பிறகு எழுந்து, "இதை அவருட்ட சொல்லிராதிய," என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். பெட்டி கட்டியாகிவிட்டது என்று மறுநாள் அண்ணாச்சியே சொன்னார். அவருக்கு அன்று "ம்ம்" கூட வரவில்லை.

கடைசி வெள்ளிக்கிழமை. சாப்பாடு முடிந்து எல்லாரும் எங்கள் ரூமில் கூடினோம். அண்ணாச்சி சோகத்தை மறைக்க வழக்கத்தைவிட அதிகமாகப் பேசினார். பெருவிரல்காரரைப் போட்டார். "இப்ப ஒரு இடம் வரும் பாரு," என்று மனைவியிடம் முதல் முறையாக விளக்க ஆரம்பித்தார். "அந்தாளு ஒரு கத்து கத்துவான். அந்தக் கத்தலுக்குத்தான் இவரு..."

"வாயில விரல்!" என்றார் அண்ணி.

அண்ணாச்சி சிரித்தார். அண்ணி சிரிக்கவில்லை. அது ஒன்றாம் வகுப்பு டீச்சரின் குரல். யாழ்ப்பாணத்து நண்பர் தன்னையறியாமல் கையைக் கட்டிக்கொண்டார்.

"சொல்லுதேன்லா. வாயில விரல்."

நாற்பத்தெட்டு வயது ஸ்டோர் கீப்பர் வாயில் விரலை வைத்தார். இடம் நெருங்கியது. அவர் தோள் ரெண்டும் ஏறின. கன்னம் உப்பியது. சக்கை தொண்டைக்குழியில் வந்து நின்று முட்டுவதை நாங்கள் கண்ணால் பார்த்தோம். உள்ளே இருந்தவன் கத்தினான். அண்ணாச்சி கத்தவில்லை.

அந்தப் பெண் தன் ஒரு சொல்லைச் சொன்னாள். சிரித்தாள். பெருவிரல் இறங்கியது.

அண்ணாச்சி விரலை எடுக்கவே இல்லை. மற்ற கையால் கேசட்டைப் பின்னால் ஓட்டி மறுபடி போட்டார். மறுபடியும் கேட்டார். அவர் கண்ணில் தண்ணீர் கட்டிவிட்டது.

"யாரு இது?" என்றார். "பெருவிரலு எறங்குதது இவளுக்கா? நான் அவன் கத்துனதுக்குல்லா எறங்குதாருன்னு நெனச்சேன். இத்தனை வருசமும் இவ எங்க இருந்தா?"

"அங்கதான் இருந்தா," என்றார் அண்ணி. "நீங்க கத்துத இடத்துல."

டேப் ரெக்கார்டரை அண்ணாச்சி தானே நிறுத்தினார். பிறகு எங்களையெல்லாம் மறந்து, மனைவியை நேராகப் பார்த்து, ரொம்ப மெதுவாகக் கேட்டார்.

"வேற என்னெல்லாம் நான் கேக்காம விட்டுருக்கேன்?"

அண்ணி எழுந்து வாசல் வரைக்கும் போனார். அங்கே நின்று முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டார்.

"அதெல்லாம் சொல்லித் தீக்க விசிட் விசா பத்தாது," என்றார்.